சட்டசபை ஸ்தானம் யாருடையது?

(நமது சங்கத்தின் ஆண்டு மகாநாட்டில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



சட்டசபையில் நம் சமூகத்தாருக்குரிய ஸ்தானத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். யான் மேடைப் பிரசங்கியல்லன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் காலங்கழித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் ஒரு சரித்திரத்தைச் சொல்லி, அதில் நமக்குக் கிடைக்கும் படிப்பினையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். குற்றமிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

இன்று மாலை நடைபெறும் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. நம்மவர் ஒருவர் எக்கட்சியின் பேரால் நின்றபோதிலும் நம் வோட்டுக்கள் அனைத்தும் அவருக்கே சேர வேண்டும் என்பது அதன் சாரம். அதனை எதிர்ப்பதற்காக நான் இங்கு எழுந்து நிற்கவில்லை. ஆனால் அத்தீர்மானம் பாதி வாக்கியமாக நிற்கிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். மற்றப் பாதி இன்னதென்று காட்டுவதற்கு நம் மாகாணத்து மனிதர் எவரையும் உதாரணமாக எடுத்தேனாயின், அவர் எக்கட்சி, எவ்வூர், எவ்வீட்டுச் சம்பந்தி என்ற பேச்சிலே விஷயம் மறைந்துபோம். ஆதலால் கடல் கடந்து, அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஜார்ஜியா என்னும் தென் மாகாணத்துச் சட்டசபையில் இருபது ஆண்டுகள் அங்கம் வகித்த ஜூலியன் பாண்ட் என்பவரின் தேர்தல் வரலாற்றைச் சொல்லப்போகிறேன்.

குலமும் கல்வியும்

ஜூலியன் பாண்ட் 1940-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர். அப்பாட்டனார் வாலிபத்தில் கல்வி கற்க விரும்பிக் கலாசாலை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டாரென்றும், சம்பளம் கட்டப் பணமில்லாமையால் தம்மிடமிருந்த ஒரு காளையைக் கயிற்றில் பிடித்துச் சென்று அதனையே சம்பளமாகக் கொடுத்தாரென்றும் அக்குடும்பத்தார் சொல்லிக்கொள்வர். அவர் குமாரர் ஹொரேஸ் மான் பாண்ட் பென்ஸில்வேனியா மாகாணத்து லிங்கன் சர்வகலாசாலைக்கு முதல் கறுப்பினத் தலைவரானார். அடிமையின் மகன் சர்வகலாசாலைத் தலைவர். அவர் மகன் சட்டசபை அங்கத்தினர். மூன்று தலைமுறையில் ஒரு குடும்பம் ஏறிய படிகள் இவை. முதற்படி ஒரு காளைமாட்டின் விலையில் வாங்கப்பட்டது என்பதை நம் கல்வி நிதிக்குக் கையெழுத்திடத் தயங்கும் அன்பர்கள் கவனிப்பார்களாக.

ஜூலியன் சாத்துவிகக் கொள்கையுடைய குவேக்கர் சபையாரின் பள்ளியொன்றில் படித்து, 1957-இல் அட்லாண்டா நகரத்து மோர்ஹவுஸ் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே மார்ட்டின் லூதர் கிங் நடத்திய ஒரு சிறு வகுப்பில் இவரும் ஒரு மாணாக்கர். அக்காலத்தில் தென் மாகாணங்களில் கறுப்பினத்தவர் வெள்ளையரோடு ஒரே சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து உண்ணல் கூடாது. 1960-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் ஜூலியனும் தோழர்களும் அட்லாண்டா நகர மண்டபத்துச் சிற்றுண்டிச் சாலையிற் சென்று அமர்ந்து கைதியாயினர். அவ்வாண்டே மாணவர் அஹிம்சைச் சங்கம் ஒன்று தோன்றிற்று. அதன் கொள்கை அறிக்கையை வரைந்த ஜேம்ஸ் லாஸன் என்பவர் நம் நாட்டு நாகபுரியில் மூன்று வருஷம் கலாசாலை ஊழியம் செய்து, காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைக் கற்றுச் சென்றவர். அச்சங்கத்தின் பிரசுர வேலைகள் முழுவதையும் ஜூலியன் ஏற்று, படிப்பையும் இடையில் நிறுத்திவிட்டார். பத்து வருஷங் கழித்துத் திரும்பிச் சென்று 1971-இல் பட்டம் பெற்றார்.

முதல் தேர்தல்

உள்நாட்டு யுத்தம் முடிந்தபின், 1868-இல், ஜார்ஜியா சட்டசபைக்குக் கறுப்பினத்தவர் முப்பதுக்கு மேற்பட்டோர் முதன்முதலாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவ்வருஷம் செப்டம்பரிலேயே அவர்களிற் பெரும்பாலோரைச் சபையார் வெளியேற்றினர். அதற்குச் சொன்ன நியாயம் விசித்திரமானது: வோட்டுக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, உத்தியோகம் வகிக்கும் உரிமை அதில் எழுதப்படவில்லை என்பதே. மத்திய அரசாங்கத்தார் தலையிட்டு 1870-இல் அவர்களை மறுபடியும் அமர்த்தினர். ஆனால் காலப்போக்கில் எழுத்துப் பரீக்ஷை, வரி, மிரட்டல் முதலியவற்றால் அவ்வினத்தாரின் வோட்டே பறிக்கப்பட்டது. 1907-க்குப் பின்னர் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஜார்ஜியா பிரதிநிதி சபையில் ஒரு கறுப்பு முகமும் இல்லை.

1963, 1964-ஆம் வருஷங்களில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டார், ஒருவனுக்கு ஒரு வோட்டு, ஒவ்வொரு வோட்டுக்கும் ஒரே மதிப்பு என்று தீர்ப்பளித்தனர். அதுவரையில் சில ஆயிரம் பேர் வாழும் கிராமப் பகுதிக்கும் லக்ஷக்கணக்கானோர் வாழும் நகரத்துக்கும் அதிக வித்தியாசமில்லாமல் ஸ்தானங்கள் வழங்கப்பட்டு வந்தன. தீர்ப்பின் பயனாகத் தொகுதிகள் மாற்றி அமைக்கப்பட்டு, 1965-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் விசேஷத் தேர்தல் நடந்தது. அட்லாண்டாவின் 136-வது தொகுதிக்கு, இருபத்தைந்து வயதான ஜூலியன் பாண்ட் டெமாக்ரடிக் கட்சியின் அபேட்சகராக நின்றார்.

அவர் வோட்டுக் கேட்ட விதம் கவனிக்கத் தக்கது. வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி, “நான் சட்டசபைக்குப் போனால் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார். தொகுதியோ ஏழைகள் நிறைந்தது. வேலை, கூலி, குடியிருக்கும் வீடு ஆகியவற்றையே ஜனங்கள் சொன்னார்கள். அவ்வாறே மணிக்கு இரண்டு டாலர் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்பது அவர் வேலைத்திட்டத்தில் முக்கியமாக இடம் பெற்றது. பதிவான வோட்டுக்களில் நூற்றுக்கு 82 பங்கு அவருக்குக் கிடைத்தது. அவரை எதிர்த்து நின்றவரும் கறுப்பினத்தவரே. ஆகையால் இது வெறும் இன வோட்டன்று. கதவைத் தட்டிக் கேட்டவனுக்குக் கிடைத்த வோட்டு.

மூடப்பட்ட கதவு

புதிய சபை 1966-ஆம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி கூடுவதாக இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னர், ஜனவரி 3-ந் தேதி, அலபாமா மாகாணத்து டஸ்கீகி நகரில், கடற்படையில் சேவை செய்து திரும்பிய ஸாமி யங் என்னும் கறுப்பின மாணவர், வெள்ளையருக்கென ஒதுக்கிய கழிப்பிடத்தை உபயோகிக்க முயன்றதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். வியட்நாம் யுத்தம் மும்முரமாக நடந்த காலம் அது. மாணவர் சங்கத்தார் ஜனவரி 6-ந் தேதி ஓர் அறிக்கை வெளியிட்டனர். சொந்த நாட்டிலேயே சட்டத்தின் காப்பு இல்லாதவர்களை அந்நிய நாட்டின் சுதந்திரத்திற்காகப் போர்க்களத்துக்கு அனுப்புவது நியாயமா என்றும், யுத்த சேவைக்கு இணங்காதவர்களிடம் தாங்கள் அநுதாபம் கொள்வதாகவும் அதில் கண்டிருந்தது. ஜூலியன் அவ்வறிக்கையை எழுதியவரல்லர். ஆயினும் ஒரு ரேடியோ நிருபர் டெலிபோனில் அழைத்து, நீர் இதனை அங்கீகரிக்கிறீரா என்று கேட்டபோது, ஆம் என்று சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்குச் சபை கொந்தளித்தது. அவரைச் சேர்க்கலாகாதென்று 75 அங்கத்தினர்கள் மனுக் கொடுத்தனர். ஜனவரி 10-ந் தேதி மற்ற அங்கத்தினர் அனைவரும் எழுந்து பிரமாணம் எடுத்துக்கொள்ள, ஜூலியன் ஒருவர் மட்டும் ஒதுங்கியிருக்குமாறு செய்யப்பட்டார். பிறகு விசாரணை நடந்தது. இரண்டு அரசியல் சட்டங்களுக்கும், அதாவது மாகாணத்துக்கும் தேசத்துக்கும் உரிய சட்டங்களுக்கு, விசுவாசப் பிரமாணம் செய்யத் தாம் தயார் என்று அவர் சொன்னார். பட்டாளச் சீட்டைக் கொளுத்தும்படி எவருக்கும் தாம் போதிக்கவில்லையென்றும், தம் சீட்டு தம் சட்டைப்பையிலேயே இருக்கிறதென்றும், பின்விளைவை அறிந்தும் மனச்சாட்சிப்படி நடப்பவரின் தைரியத்தைத் தாம் மதிப்பதாகவும் விளக்கினார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லை. சபையில் வோட்டெடுக்கப்பட்டது. அவரைச் சேர்க்கலாகாதென்று 184 பேர். சேர்க்கலாமென்று 12 பேர்.

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், அவையஞ்சாமை என்று தனியே மற்றோர் அதிகாரமும் வகுத்ததன் காரணம் என்னவென்று என் மாணாக்கர்கள் என்னைக் கேட்பதுண்டு. நன்றாகப் பேசத் தெரிவது ஒன்று; 184 பேர் ஒரு பக்கம் நிற்கையில் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வது வேறொன்று. அதுவே காரணம் போலும்.

வோட்டர்களின் விடை

நிற்க. இதுவரையில் சொன்னது ஒரு வாலிபரின் பெருமை. இனிச் சொல்லப்போவது அத்தொகுதி ஜனங்களின் பெருமை. இரண்டாவதே நமக்கு முக்கியமானது.

ஜனவரி 14-ந் தேதி, ஜூலியனுக்கு இருபத்தாறு வயது நிரம்பிய அன்று, கிங் அவர்கள் பெருங்கூட்டத்தோடு சட்டசபை மண்டபத்துக்கு ஊர்வலமாகச் சென்றார். நியாயஸ்தலத்தில் ஜூலியன் தொடுத்த வழக்கிலும் கிங் ஒரு வாதியாகச் சேர்ந்தார். அவ்வழக்கைக் கேட்ட மூன்று நீதிபதிகளில் இருவர் சபையின் பக்கமும், எல்பெர்ட் டட்டில் என்பவர் ஒருவர் மட்டும் ஜூலியன் பக்கமும் நின்றமையால் பிப்ரவரியில் வழக்குத் தோற்றது. காலியான ஸ்தானத்துக்குக் கவர்னர் உப தேர்தல் நடத்தினார். அதே பிப்ரவரியில் அத்தொகுதியார் ஜூலியனையே மறுபடியும் பெருவாரியாகத் தெரிந்தெடுத்தனர். சபையின் கமிட்டியார் அவரை அழைத்து, முன் சொன்னதை வாபஸ் வாங்குகிறீரா என்றனர். அவர் மறுத்தார், கதவு இரண்டாம் முறையும் மூடப்பட்டது. செப்டம்பரில் கட்சிக்குள் நடந்த பூர்வாங்கத் தேர்தலிலும், நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலிலும் அவரே வென்றார். ஒன்றரை வருஷத்துக்குள் அந்த ஏழை ஜனங்கள் ஒரே மனிதரை மூன்று முறை சட்டசபைக்கு அனுப்பினார்கள். அவ்வளவு காலமும் அவர்களுக்குச் சபையில் பேச ஆளில்லை. வேறொருவரை அனுப்பியிருந்தால் அன்றே ஆள் கிடைத்திருக்கும். அவர்கள் அனுப்பவில்லை.

இவ்விடத்தில் என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வதற்கு வெட்கமாகவே இருக்கிறது. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் கிராமத்தில் நம்மவர் ஒருவர் பஞ்சாயத்து மெம்பராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். முதற் கூட்டத்தன்று மற்றவர்களுக்கு நாற்காலி போட்டு, அவரை மாத்திரம் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்கார மறுத்து வீடு திரும்பினார். அன்றிரவு நம்மவர்களே அவர் வீட்டு வாசலில் கூடினார்கள். “வீண் வம்பு எதற்கு அண்ணே? திண்ணையிலிருந்தாலும் மெம்பர் மெம்பர்தானே! ஒரு வார்த்தை பணிந்து சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்” என்றார்கள். அவர் ராஜிநாமாக் கொடுத்தார். அடுத்த தேர்தலில், திண்ணையில் உட்காரச் சம்மதித்த மற்றொருவரை நாமே அனுப்பினோம். அவ்வாறு வோட்டளித்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். கடைசிக் காலத்தில் அதனை நினைத்து அவர் பலமுறை மனம் வருந்தியதை நான் அறிவேன். நாற்காலி தரமறுத்தவர்களை நாம் குறை கூறுகிறோம், கூறத்தான் வேண்டும். ஆனால் எழுந்து வந்தவரைத் தனியே விட்டவர்கள் யார்?

தீர்ப்பு

1966-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஒரே முகமாகத் தீர்ப்பளித்தனர். பிரதம நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இது: வயது, வாசம் முதலிய யோக்கியதைகள் உள்ள ஒருவர் பிரமாணம் செய்ய முன்வருகையில், அது உண்மையான மனத்தோடு செய்யப்படுகிறதா என்று சோதிக்கும் அதிகாரத்தைக் கொண்டு மாற்றுக் கருத்துடையவரைப் பெரும்பான்மையோர் அடைத்துவிடுதல் கூடாது. சாதாரணக் குடிமகனுக்குள்ள பேச்சுரிமை சட்டசபை அங்கத்தினனுக்கு அதனாற் குறைந்துவிடாது. மேலும், விவாதத்துக்குரிய விஷயங்களில் தன் கருத்தை வெளிப்படச் சொல்வது அவனுக்குரிய கடமையுமாகும். அப்பொழுதுதான் வோட்டர்கள் அவனுடைய தகுதியை மதிப்பிட முடியும். 1967-ஆம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி ஜூலியன் பாண்ட் பிரமாணம் எடுத்துச் சபையில் அமர்ந்தார்.

இங்கிலாந்திலும் முன்பு இத்தகைய சம்பவம் நடந்ததுண்டு. நார்தாம்ப்டன் ஊரார் சார்லஸ் பிராட்லாவை 1880 முதல் மீண்டும் மீண்டும் தெரிந்தெடுத்தும், தெய்வத்தின் பேரால் செய்யும் பிரமாணத்தை முன்னிட்டுக் காமன்ஸ் சபையார் அவரை விலக்கி வந்தனர். ஊரார் சலிக்கவில்லை, 1886-இல் அவர் அமர்ந்தார். இந்தியர்களுக்காக அவர் அச்சபையில் பேசியதும், 1889-இல் பம்பாய்க் காங்கிரஸுக்கு வந்ததும் நம் பெரியோர் அறிந்தவை. எந்த நாடாயினும், சபையின் பிடிவாதத்தைத் தளர்த்தியது வோட்டர்களின் பிடிவாதமே.

பிற்காலம்

1968-இல் சிகாகோ நகரில் கூடிய கட்சி மகாநாட்டில், உப ஜனாதிபதி ஸ்தானத்துக்கு ஜூலியனின் பெயர் பிரேரேபிக்கப்பட்டது. அதற்குரிய வயது 35, அவருக்கு 28. ஆகவே தம் பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பிரதிநிதி சபையில் 1975 வரையிலும், பின்னர் மாகாண ஸெனட்டில் 1987 வரையிலும் அங்கம் வகித்தார். கறுப்பின மக்கள் அதிகமாக வாழும் அட்லாண்டா நகரம், மத்திய காங்கிரஸ் தொகுதியில் துண்டாடப்படாமல் ஒன்றாக இருக்க வேண்டுமென்று 1981, 1982-ஆம் வருஷங்களில் அவர் போராடி வெற்றி பெற்றார்.

அத்தொகுதியே அவருக்குத் தோல்வியையும் தந்தது. 1986-இல் அதில் அவர் நின்றார். எதிரே நின்றவர் ஜான் லூயிஸ். இருவரும் ஒரே இனம், ஒரே கட்சி, ஒரே மாணவர் சங்கம். இருபத்தைந்து வருஷ சிநேகிதர்கள். ஒருவர் கல்விமானின் மகன். மற்றவர் அலபாமாவில் வாரக் குடியானவரின் மகன், 1965-இல் ஸெல்மா ஊர்ப் பாலத்தில் போலீஸாரின் தடியடியால் மண்டை உடைந்தவர். ஜூலியன் தேசமெங்கும் சென்று பிரசங்கம் செய்கிறார், உள்ளூர் வேலையில் ஊக்கமில்லை என்ற குறை எழுந்தது. அழகுக்கு நிறுத்திய குதிரை வேண்டுமா, உழைக்கும் குதிரை வேண்டுமா என்று லூயிஸ் வோட்டர்களைக் கேட்டார். முதற்சுற்றில் ஜூலியனுக்கு நூற்றுக்கு 47, லூயிஸுக்கு 35. பாதிக்கு மேல் எவருக்கும் கிடையாமையால் மறு தேர்தல் நடந்தது. அதில் லூயிஸ் 52 பெற்று வென்றார். கறுப்பினத்தவரில் அதிகமானோர் ஜூலியனுக்கே வோட்டளித்தனர். வெள்ளையரில் மிகப் பெரும்பாலோர் லூயிஸுக்கு அளித்தனர். தம் இனத்தாரின் வோட்டில் முந்தியும் அவர் தேர்தலில் தோற்றார். லூயிஸ் அந்த ஸ்தானத்தில் 2020-இல் காலஞ்சென்ற வரையில் இருந்து பெரும்புகழ் எய்தினார். ஜூலியன் சர்வகலாசாலைகளில் சரித்திரம் போதித்தும், 1998 முதல் 2010 வரையில் தம் இனத்தாரின் மிகப் பழைய உரிமைச் சங்கத்துக்குத் தலைமை வகித்தும், 2015-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி காலமானார்.

நம் தீர்மானத்தின் மற்றப் பாதி

மகாஜனங்களே! இச்சரித்திரத்தில் மூன்று விஷயங்கள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, சட்டசபை ஸ்தானம் சபைக்குச் சொந்தமன்று, அங்கத்தினருக்கும் சொந்தமன்று. வோட்டளித்த ஜனங்களுக்கே சொந்தம். இரண்டாவது, நாம் அனுப்பியவர் நியாயத்துக்காக அவமானப்படுங்காலத்தில் அவரை விட்டு வேறொருவரை அனுப்புவோமாயின், அவருடைய ஸ்தானத்தோடு நம்முடையதையும் இழக்கிறோம். மூன்றாவது, அதே மனிதர் உழைப்பில் தளர்ந்தாரென்று தோன்றும்பொழுது, அவர் நம்மவர், புகழ் பெற்றவர் என்பது மட்டும் போதாது. 136-வது தொகுதியார் நம்பிக்கையோடு நின்றதும், இருபது வருஷங் கழித்து அந்நகரத்தார் வேறொருவரைத் தெரிந்ததும், ஒரே உரிமையின் இரண்டு கைகள்.

ஆதலால் மாலையில் வரும் தீர்மானத்தோடு ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டுமென்று பணிவாகப் பிரேரேபிக்கிறேன். நம் வோட்டைக் கேட்க வரும் அபேட்சகர், நம்மவராயினும் பிறராயினும், வீடு வீடாக வந்து நம் குறையைக் கேட்க வேண்டும். சபையில் நமக்காகச் சொல்லியதைப் பதவிக்காக விழுங்கலாகாது. அவர் அவ்வாறு நின்றால், எத்தனை தேர்தல் வந்தாலும் நாமும் அவரோடு நிற்போம். இவ்வாக்கியத்தைச் சேர்ப்பீர்களாயின், எங்கள் கிராமத்துத் திண்ணையினின்றும் எழுந்து வந்த அப்பெரியவருக்கு நம் சமூகம் காலந்தாழ்ந்தேனும் செய்யும் பிராயச்சித்தமாக அது இருக்கும்.